பெரியப்பா வீட்டு பிஸ்கட் ரின்னில் கிடைத்த கேம் கசெற்றுகள்: அந்த இலக்கங்களை எப்படி வாசிப்பது?

பெரியப்பாவின் வீட்டைத் துப்புரவாக்கும்போது ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் மூன்று கேம் கசெற்றும் ஒரு பிளேஸ்ரேசன் சீடியும் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிவப்புக் கசெற்றின் ஸ்ரிக்கரில் டிஎம்ஜி-ஏபிஏடி-என்ஓஇ. பச்சைக் கசெற்றில் ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ. மஞ்சள் கசெற்றில் '64 இன் 1' என்பதைத் தவிர எதுவும் இல்லை. சீடியில் 'ரெக்கன் 3' என்று பேனாவால் எழுதியிருக்கிறது, நடு வளையத்தில் நீளமாக ஓர் இலக்கம். இந்தச் சீரியல் நம்பர்களை வைத்து எந்த வருடத்துச் சாமான் என்று கண்டுபிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வருடம் மட்டும் தெரிய வேண்டுமென்றால் யாரும் நான்கு படம் எடுத்துப் போட்டு இவ்வளவு எழுதமாட்டார்கள். ஒறிஜினலா, வைத்திருக்க வேண்டிய சாமானா என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் திருகோணமலை டவுனில் ரீவி, ரேடியோ திருத்துகிறவன். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கேம் மெசின்களும் என் மேசைக்கு வரத் தொடங்கின. திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்க வராதவற்றைத் தூக்கி எறிய மனமில்லாமல் வைத்ததில் தொடங்கியது சேகரிப்பு. இப்போது வீட்டில் ஒரு அலுமாரி அதற்கே போய்விட்டது. ஒரு விசயம்: இலக்கங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். தமிழில் B, P என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கும் 'பி'தான் என்பதால், எந்தப் பி என்று ஸ்ரிக்கரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரைச் சரிசெய்வோம். கசெற்றில் இருப்பது சீரியல் நம்பர் இல்லை. சீரியல் நம்பர் என்றால் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக இருக்கவேண்டும், மோட்டார் சைக்கிளின் செசி நம்பர் மாதிரி. மெசினின் அடியில் இருக்கும் ஸ்ரிக்கரில் அப்படி ஒன்று இருக்கும். கசெற்றில் இருப்பதோ புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் மாதிரி, அந்தப் பதிப்பில் அச்சான எல்லாப் பிரதிக்கும் ஒரே எண். அதனால் உங்கள் கசெற் அந்த வரிசையில் எத்தனையாவது என்றோ, எந்த மாதம் செய்தது என்றோ அதில் தேடினால் கிடைக்காது. எந்த மெசினுக்கு, எந்த விளையாட்டு, எந்த நாட்டுக்கு, எந்த மொழியில் என்ற நான்கும் கிடைக்கும்.

சிவப்பை எடுங்கள். டிஎம்ஜி என்பது நின்ரெண்டோ 1989இல் வெளியிட்ட முதல் கேம்போய் என்ற கைமெசினின் குறி, 'டொற் மேற்றிக்ஸ் கேம்' என்பதன் சுருக்கம். மெசினின் முதுகிலேயே டிஎம்ஜி-01 என்று இருக்கும். பிறகு வந்த கலர் கேம்போய்க்கு சிஜிபி, அட்வான்ஸுக்கு ஏஜிபி. ஜப்பானில் 1983இல் வந்த, ரீவியில் மாட்டி விளையாடும் பமிக்கொம் மெசினுக்கு எச்விசி, நின்ரெண்டோ 64க்கு என்யுஎஸ். நடுவில் உள்ள பகுதி விளையாட்டின் குறி. ஆரம்பத்தில் அது இரண்டே எழுத்து: அமெரிக்க ரெற்றிஸ் கசெற்றில் டிஎம்ஜி-ரிஆர்-யுஎஸ்ஏ என்று இருக்கும். பிற்காலத்தில் நான்கு எழுத்தாக்கினார்கள், அதில் கடைசி எழுத்து மொழியை அல்லது சந்தையைச் சொல்லும். அமெரிக்க ஆங்கிலப் பதிப்புக்கு இ, ஜப்பானுக்கு ஜே, பொது ஐரோப்பியப் பதிப்புக்கு பி (P), ஜேர்மனுக்கு டி, பிரெஞ்சுக்கு எப். உங்கள் ஏபிஏடி என்பது பொக்கிமோன் சிவப்பின் ஜேர்மன் பதிப்பு. அதுவே அமெரிக்காவில் வந்திருந்தால் ஏபிஏஇ. கடைசியில் உள்ள என்ஓஇ என்பது 'நின்ரெண்டோ ஒவ் யூரோப்'. அந்த அலுவலகம் ஜேர்மனியில் இருந்ததால், ஜேர்மன் மொழிப் பதிப்புகளுக்கு அந்தக் குறி வந்தது.

இந்தக் கடைசி மூன்று எழுத்தைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாருடைய சொந்தக்காரர் எங்கே போனார் என்று சொல்லிவிடலாம். என்ஓஇ என்றால் ஜேர்மனி, இல்லாவிட்டால் சுவிஸ். எப்ஆர்ஏ அல்லது எப்ஏஎச் என்றால் பாரிஸ் பக்கம் (எப்ஏஎச் பிரான்சுக்கும் ஒல்லாந்துக்கும் பொதுவானது). யுகேவி என்றால் லண்டன், யுஎஸ்ஏ என்றால் பெரும்பாலும் கனடா மாமா. கொழும்பில் சேகரிக்கும் நண்பர்களின் பெட்டிகளில் ஜப்பான், சிங்கப்பூர்ச் சாமான்கள் அதிகம் கண்டிருக்கிறேன். என் மேசைக்கு வந்தவற்றில் ஜேர்மன் கசெற்றுகள்தான் கூட. பெரியப்பாவின் குடும்பத்தில் யாராவது ஜேர்மனியில் இருந்தார்களா என்று வீட்டில் கேட்டுப்பாருங்கள், இருந்திருப்பார்கள். ஒன்றை மறக்கவேண்டாம்: அந்தக் கசெற்றில் மொழியை மாற்ற வழி இல்லை. விளையாடினால் ஜேர்மனில்தான் விளையாட வேண்டும்.

வருடத்துக்கு வருவோம். பொக்கிமோன் சிவப்பு ஜப்பானில் 1996, அமெரிக்காவில் 1998, ஜேர்மனியில் 1999. ஆக உங்கள் கசெற் 1999க்கு முந்தியதாக இருக்க முடியாது, அது நிச்சயம். அதற்கு மேல் நுணுக்கமாக வேண்டுமென்றால் ஸ்ரிக்கரை விட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். கேம்போய்க் கசெற்றைப் பூட்டியிருக்கும் ஸ்குரூ சாதாரண ஸ்குரூ இல்லை, அதற்கு 3.8 மில்லிமீற்றர் கேம்பிற் சாவி தேவை. பேனா மூடியை உருக்கி ஸ்குரூத் தலையில் அழுத்தி ஆறவைத்துத் திருப்பும் வித்தையைப் பொடியன்கள் செய்வார்கள், தயவுசெய்து நீங்கள் செய்யவேண்டாம். திறந்தால் கறுப்புச் சிப்புகளின் மேல் பல வரிகள் இருக்கும். அவற்றில் நான்கு இலக்கம் தனியாக நிற்கும், உதாரணமாக 9938. முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம்: 1999ஆம் ஆண்டின் 38ஆவது வாரம், அதாவது செப்ரெம்பர். அது சிப் செய்த வாரம். கசெற் அதற்குப் பிறகு பொருத்தப்பட்டிருக்கும், எத்தனை மாதம் பிறகு என்று சிப் சொல்லாது. சிப்புகள் பொருத்தியிருக்கும் போர்ட்டில் அச்சடித்திருக்கும் காப்புரிமை வருடத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது அந்தப் போர்ட்டை வரைந்த வருடம், அதே வரைபடத்தில் பல வருடம் செய்திருப்பார்கள். விளையாட்டு இருக்கும் சிப்பில் டிஎம்ஜி என்று தொடங்கும் குறி மறுபடியும் இருக்கும், ஒரு கோடு போட்டு 0 அல்லது 1 என்று முடியும். அந்தக் கடைசி எண் நிரலின் திருத்தப் பதிப்பு: 0 முதல் பதிப்பு, 1 என்றால் ஏதோ பிழை திருத்தி மறுபடி விட்டது.

இனிப் பச்சை. சில வருடங்களுக்கு முன்னர் உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி இதே ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ கசெற்றை, இணையத்தில் யாரிடமோ வாங்கி, என்னிடம் கொண்டுவந்தார். இன்று சேமித்தால் நாளைக்கு இல்லை என்பது முறைப்பாடு. குறி சரியாகத்தான் இருந்தது. பிபிஇஇ என்பது பொக்கிமோன் எமரால்டின் அமெரிக்கப் பதிப்பு (ரூபிக்கு ஏஎக்ஸ்விஇ, சபையருக்கு ஏஎக்ஸ்பிஇ). ஒளி ஊடுருவும் பச்சைக் கூடும் சரி. மேசை விளக்குக்குக் கீழே பிடித்துச் சரித்துச் சரித்துப் பார்த்தேன். ஒறிஜினல் ஸ்ரிக்கரில் இரண்டு இலக்கமும் சில நேரம் கூட ஓர் எழுத்தும் மையில்லாமல் அழுத்தியிருக்கும், நகத்தால் கீறின மாதிரி. இதில் இல்லை. அடியில் தங்கநிறப் பற்களுக்கு மேலே உள்ள இடைவெளியால் பார்த்தால் போர்ட்டில் நின்ரெண்டோ என்ற பெயர் தெரியவேண்டும். அதுவும் இல்லை. மூன்று கால் ஸ்குரூவைக் கழற்றித் திறந்தால், சிப் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று, பக்கத்தில் அவசரத்தில் சோல்டர் பிடித்த பற்றரி. எமரால்ட் ஒறிஜினலில் சேமிப்பு, மின்சாரம் இல்லாமலே நினைவை வைத்திருக்கும் பிளாஷ் சிப்பில் இருக்கும், பற்றரி மணிக்கூட்டுக்கு மட்டும்தான். பற்றரி செத்தாலும் சேமித்தது போகாது. சேமிப்பு போகிறது என்று அந்தத் தம்பி சொன்ன உடனேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஏழாயிரம் கொடுத்தாராம். குறி சரி, கசெற்தான் பிழை.

ஏன் குறி சரியாக இருந்தது? ஸ்ரிக்கர் அச்சடிப்பவன் ஒறிஜினலைப் பார்த்துத்தான் அடிக்கிறான். எழுத்துப் பிழையோ, வேறு விளையாட்டின் குறியோ இருந்தால் போலி என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டலாம். குறி பொருந்தினால் ஒன்றும் முடிவாகாது. உங்கள் பச்சையை விளக்கின் கீழ் சரித்துப் பார்த்துவிட்டு, அடி இடைவெளியையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கசெற்றை மெசினில் போட்டவுடன் உள் பற்றரி தீர்ந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தால் அதை வைத்து எந்தப் பக்கமும் சாயவேண்டாம். 2005இல் வந்த ஒறிஜினலில் பற்றரி தீர்ந்திருப்பது இயல்பு, மணிக்கூடே இல்லாத போலியிலும் அதே செய்தி வரும்.

கசெற்றின் உள்ளடக்கத்தைக் கணினியில் எடுக்கும் சின்ன ரீடர்கள் இப்போது கிடைக்கின்றன. எடுத்தால் சுவாரசியமான ஒன்றைக் காணலாம்: குறி நிரலுக்குள்ளேயும் இருக்கிறது. கேம்போய் அட்வான்ஸில் பூச்சியத்திலிருந்து எண்ணி 160ஆவது பைற்றில் விளையாட்டின் பெயர், 172இல் நான்கெழுத்துக் குறி, 176இல் வெளியீட்டாளரின் இரண்டெழுத்துக் குறி. பெயருக்குப் பன்னிரண்டு இடம்தான் என்பதால் எமரால்ட் 'பொக்கிமோன் எமர்' என்று பாதியில் நிற்கும். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் மெசினிலும் இப்படித்தான். அதற்கு வந்த முதல் சோனிக் விளையாட்டுக் கசெற்றின் 272ஆவது பைற்றில் சேகா, 1991, ஏப்ரல் என்று திகதியே இருக்கும், 384இல் ஜிஎம் 00001009-00 என்ற குறி. ஸ்ரிக்கரில் உள்ளதும் நிரலில் உள்ளதும் வேறாக இருந்தால் யாரோ கூட்டை மாற்றியிருக்கிறார்கள். ஒன்றாக இருந்தால்? போலிக்காரன் ஒறிஜினல் நிரலைத்தான் நகலெடுக்கிறான், ஆகவே அங்கேயும் பிபிஇஇதான் வரும். கடைசித் தீர்ப்பு போர்ட்டிடம்தான்.

எங்கள் ஊருக்கு மட்டும் பொருந்துகிற ஒரு சோதனை என்னிடம் உண்டு. டவுனுக்கு இரண்டு பக்கமும் கடல். உப்புக்காற்று எதையும் விடாது. இருபது வருடம் இங்கே கிடந்த கசெற்றின் ஸ்குரூவில் கொஞ்சமாவது கறள் இருக்கும், செப்புப் பற்களில் பச்சை பூத்திருக்கும். ஸ்குரூ மினுங்குகிறது, ஆனால் 'அப்பாவுடைய காலத்துச் சாமான்' என்று விற்பவர் சொல்கிறார் என்றால் நான் காசை எடுக்கமாட்டேன். இது என் அனுபவக் கணக்கு மட்டும். காற்றுப் புகாத ரின்னுக்குள் இருந்தவை தப்பியிருக்கலாம், உங்களுடையவை அப்படித்தான் தப்பியிருக்கின்றன.

மஞ்சள் கசெற்றில் நேரத்தைச் செலவிடவேண்டாம். அது பமிக்கொம் நகல் மெசினுக்கு, நாங்கள் 'ரீவி கேம்' என்று சொல்வோமே, அதற்குரியது. அடியில் பற்களை எண்ணுங்கள், அறுபது இருக்கும். பமிக்கொம்மை ஐரோப்பா, அமெரிக்காவில் விற்ற பெயரான என்இஎஸ்ஸின் கசெற் என்றால் எழுபத்திரண்டு. நின்ரெண்டோவின் அனுமதி இல்லாமல் செய்த சாமான் என்பதால் முறையான குறி கிடையாது. சிலவற்றின் ஸ்ரிக்கரில் ஏதாவது எழுத்தும் எண்ணும் இருக்கும், அது செய்தவனின் கணக்குக்கு. அறுபத்துநாலில் எத்தனை உண்மையில் வேறு வேறு விளையாட்டு என்று எண்ணுவது மட்டும் நல்ல பொழுதுபோக்கு. பாதிக்கு மேல் ஒரே விளையாட்டு வேறு வேறு பெயரில் வரும். நான் வைத்திருக்கிறேன், ஆனால் அது பாசம்.

சீடிக்கு வருவோம். நடு வளையத்தில் நீங்கள் கண்ட நீள இலக்கம் வெற்றுச் சீடியைச் செய்தவர் போட்டது. பேனாவால் பெயர் எழுதியிருக்கிறது என்பதே போதும், இது வீட்டிலோ கடையிலோ எழுதிய நகல். சோனியின் முதல் பிளேஸ்ரேசனின் ஒறிஜினல் சீடி அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். (கறுப்பு வெற்றுச் சீடியும் விற்றார்கள், ஆகவே கறுப்பு மட்டும் சாட்சி இல்லை.) அச்சில் அடித்த சீடியின் உள் வளையத்தில் ஐஎப்பிஐ என்று தொடங்கும் மிகச் சிறிய குறி இருக்கும், அது 1994இலிருந்து வந்த முறை. அதன் பின் எல் என்ற எழுத்து வந்தால் அது மூலத் தகடான மாஸ்ரரைச் செய்த இடத்தின் குறி, எல் இல்லாமல் வேறு குறி வந்தால் சீடியை வார்த்த அச்சின் குறி. மெசின் ஒறிஜினலை அடையாளம் காண்பது இவை எதையும் வைத்தல்ல. சீடியின் தொடக்கத் தடத்தில் வேண்டுமென்றே ஒரு நெளிவை வைத்து அதில் பிராந்தியக் குறியை ஒளித்திருந்தார்கள், சீடி எழுதும் கருவியால் அந்த நெளிவை நகலெடுக்க முடியாது. அதனால்தான் அந்தக் காலத்தில் மெசினுக்குச் 'சிப் அடித்தோம்'. அந்தச் சிப் நெளிவில் இருக்கவேண்டிய குறியைத் தானே சொல்லிக்கொடுக்கும். உங்கள் சீடியும் சிப் அடித்த மெசினில்தான் ஓடியிருக்கும்.

நகல் என்றாலும் அதற்கும் ஒரு குறி உண்டு. சீடியை ஒரு கணினியில் போட்டுத் திறந்தால் சிஸ்ரம் டொற் சிஎன்எப் என்ற சின்னக் கோப்பு இருக்கும். அதை நோட்பாட்டில் திறவுங்கள். பூட் என்று தொடங்கும் வரியில் எஸ்எல்யுஎஸ், ஓர் அடிக்கோடு, 004, புள்ளி, 02 என்று இருந்தால் எஸ்எல்யுஎஸ்-00402, அமெரிக்க ரெக்கன் 3இன் நகல். எஸ்சிஇஎஸ், பிறகு 012, புள்ளி, 37 என்று இருந்தால் ஐரோப்பியப் பதிப்பு. இரண்டாவது எழுத்து எல் என்றால் வேறு நிறுவனம் சோனியின் உரிமத்தில் வெளியிட்டது, சி என்றால் சோனியே வெளியிட்டது. அடுத்த இரண்டில் யுஎஸ் அமெரிக்கா, இஎஸ் ஐரோப்பா, பிஎஸ் அல்லது பிஎம் ஜப்பான். ரெக்கனை அமெரிக்காவில் வேறு நிறுவனமும் ஐரோப்பாவில் சோனியும் வெளியிட்டதால்தான் ஒரே விளையாட்டுக்கு ஒரு இடத்தில் எல், மற்ற இடத்தில் சி. எண் பெரிதா சிறிதா என்பதை வைத்து அரிதா என்று தீர்மானிக்க முடியாது.

ரின்னுக்குப் பக்கத்தில் மெசினும் அகப்பட்டால் பிளக்கில் போடமுன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எஸ்சிபிஎச் என்று தொடங்கும் மொடல் இலக்கத்தின் கடைசி எண்தான் முக்கியம்: 0 ஜப்பான், 100 வோல்ற்று. 1 அமெரிக்கா, 120. 2 ஐரோப்பா, எங்கள் 230க்குப் பொருந்தும். 3 ஆசியா, அதற்கு ஸ்ரிக்கரில் எழுதியிருக்கும் வோல்ற்றைப் பார்க்கவேண்டும். என் மச்சானுக்குக் கனடாவிலிருந்து ஒரு 5501 வந்தது. ஆசையில் அவன் நேரே சுவரில் குத்தினான். ஒரு சத்தம், பிறகு அந்த மணம். பவர் சப்ளையை மாற்றிக் கொடுத்தேன், பிறகும் பழைய ரீவியில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது, ஏனென்றால் ரீவிக்குப் படம் அனுப்பும் முறை இரண்டு: அமெரிக்க மெசின் என்ரிஎஸ்சி, எங்களுடையது பால். இதையெல்லாம் அந்த ஒற்றை எண் முதலே சொல்லியிருந்தது.

நான் உறுதியாகச் சொல்லமாட்டாத இரண்டு விசயம். ஸ்ரிக்கரில் அழுத்திய எண் எந்தத் தொழிற்சாலை, எந்த வரிசை என்பதற்குச் சேகரிப்பாளர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அது பலபேர் தங்கள் கசெற்றுகளை ஒப்பிட்டு ஊகித்தது, அதை வைத்து வாதாடமாட்டேன். விலையும் அப்படித்தான். வெளிநாட்டு ஏலத் தளங்களில் பார்க்கும் விலை பெட்டி, கையேடு எல்லாம் உள்ளவற்றுக்கு. ஜேர்மன் மொழிப் பதிப்பை இங்கே வாங்குபவர் குறைவு. படத்தை மட்டும் பார்த்து ஒரு தொகை சொன்னால் அது என் வாயில் வந்த தொகையாகத்தான் இருக்கும்.

சிவப்புக் கசெற்றைத் திறக்கமுன் ஒன்று செய்யுங்கள். எமரால்ட் போலல்ல இது, இதில் சேமிப்பையே பற்றரிதான் பிடித்துவைத்திருக்கிறது. பற்றரியைக் கழற்றிய நொடியில் எல்லாம் போய்விடும். ஒரு கேம்போயில் போட்டுப் பாருங்கள். தொடக்கத் திரையில் புதிய ஆட்டத்துக்கு மேலே, தொடர்வதற்கான இன்னொரு வரி வந்தால் பற்றரி இன்னும் உயிரோடு இருக்கிறது, கடைசியாக விளையாடியவர் வைத்த பெயரும் விளையாடிய மணித்தியாலமும் அங்கே தெரியும். அப்படி இருந்தால் கசெற்றை அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள், ரீடரில் சேமிப்பை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பற்றரியை மாற்றுவோம்.